ஊசியின் மூன்றாவது வெட்டு

1962 ஜூலை 29, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ஆறரைக்குக் குளியல். எட்டு மணிக்கு இட்லி, நான்கு. பத்திலிருந்து பதினொன்று வரை கணக்கு வீட்டுப்பாடம். மாலை நாலரைக்குச் சித்தப்பாவுடன் ஸ்ரீரங்கம். பத்து வயதில் நான் எழுதிய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி அது முதல் ஆடி. முறைப்படி சித்தியை, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்த பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. திருச்சி புத்தூரில் எங்களோடு இருந்த சித்தப்பா முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார்.

அது ராணுவம் ஏலம் விட்ட பழைய வண்டி. பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பா, உடைத்துப்போட்ட ஒரு லாரியிலிருந்து காற்றுப் பம்ப் ஒன்றைக் கழற்றி வந்து அதில் பொருத்தியிருந்தார். எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, இந்தப் பம்ப் காற்றையும் பெட்ரோலையும் சேர்த்து அழுத்தி உள்ளே தள்ளும். இரண்டும் அளவோடு கலக்க வேண்டும். கார்புரேட்டருக்குள் ஓர் ஊசி. அதன் தலையில் ஐந்து வெட்டுகள். கிளிப்பை மாட்டும் வெட்டைப் பொறுத்துப் பெட்ரோல் கூடும், குறையும்.

சரிபார்க்க, வண்டியை வேகமாக ஓட்டிச் சட்டென்று நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, வறுத்த காப்பிக்கொட்டை நிறமென்றால் சரி. இதற்குத் தோதான நேர்ப்பாதை காவிரிப் பாலத்தை விட்டால் திருச்சியிலேயே இல்லை என்று சித்தப்பா சொன்னார். பாலம் தாண்டி நிறுத்தத் தோதான இடமும் ஒன்றுதான் இருந்தது, சித்தி வீட்டு வாசல்.

குறிப்பெழுதுவது என் பொறுப்பு. சித்தி வறுத்த காப்பிக்கொட்டை ஒன்றை மாதிரிக்காகத் தீப்பெட்டியில் வைத்திருந்தேன். ஐந்தாவது வெட்டில் கரும்புகை கக்கியது. “வண்டியா இது, செங்கச் சூளையா?” என்று பாலத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரர் கேட்டார். முதல் வெட்டில் ஒரே வெடி. பிளக் சுண்ணாம்பாக இருந்தது. பிறகு நான்கு, பிறகு இரண்டு. ஒரு மாலைக்கு ஒரு வெட்டுதான்.

“அஞ்சையும் ஒரே நாள்ல பாத்துடலாமே சித்தப்பா?”

“எஞ்சின் ஆற வேணாமா பாப்பா?”

ஒவ்வொரு முறையும் அது ஆற ஒரு மணி நேரம் ஆனது. படிக்கு உள்ளே சித்தி, வெளியே சித்தப்பா, நடுவில் காப்பி டம்ளர். கார்புரேட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கார்புரேட்டரில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வெட்டு. பாலத்தில் ஏறியதுமே வண்டியின் குரல் மாறிவிட்டது. புகையில்லை, வெடியில்லை. பம்ப் விசிலடித்தது. கீழே ஆடிக் காவிரி கரை தொட்டு ஓடியது. டவுன் பஸ்ஸை முந்தினோம். என் இடப்பக்க ரிப்பன் பறந்தே போய்விட்டது.

வாசலில் சித்தியின் அப்பா நின்றிருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“என்ன மாப்பிள்ளை, இன்னைக்காவது சரியாச்சா?”

“பாக்கணும் மாமா.”

“சரியாயிட்டா, இனிமே ஆடி முடிஞ்சு வந்தாப் போதும்.”

சித்தப்பா பிளக்கைக் கழற்றினார், வழக்கத்தைவிட மெதுவாக. நான் தீப்பெட்டியைத் திறந்து கொட்டையைப் பக்கத்தில் பிடித்தேன். இம்மியும் வித்தியாசமில்லை.

“சரியாயிடுச்சு! அதே நிறம்! இனிமே நாம வரவே வேணாம் சித்தப்பா!”

அவர் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கு உள்ளேயிருந்து சித்தி கையை நீட்டினாள். சூடான பிளக்கை முந்தானையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“கறுப்பால்ல இருக்கு.”

“இல்ல சித்தி, கொட்டையோட வெச்சுப் பாருங்க!”

“நான் வறுத்த கொட்டை எனக்குத் தெரியாதா? கறுப்புதான். நீங்களே பாருங்கப்பா.”

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிளக்கை டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையையும் பார்த்தார்.

“கறுப்புதான்,” என்றார். “இப்படி அரைகுறையா விடக் கூடாது மாப்பிள்ளை. வந்து நல்லாப் பாத்துடுங்க.” உள்ளே திரும்பி, “காப்பி என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. மூன்று பெரியவர்களில் ஒருவர்கூட என் பக்கம் இல்லை. சோதனையில் தோற்ற சித்தப்பாவோ திரும்பும்போது பாலம் முழுவதும் பாடிக்கொண்டு வந்தார். சத்திரம் கடைத்தெருவில் நிறுத்தி, போன ஒரு ரிப்பனுக்கு ஒரு ஜோடியே வாங்கித் தந்தார்.

படுக்கப்போகுமுன் சோதனை நோட்டில் எழுதினேன்: “மூன்றாவது வெட்டு. நிறம் சரி. சித்திக்கும் தாத்தாவுக்கும் கண் பரிசோதிக்க வேண்டும். புத்தூரில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை.”

மறுநாள் ஆறு மணிக்கு நான் பல் தேய்க்கக் கொல்லைப்பக்கம் போனபோது, சித்தப்பா முகம்கூடக் கழுவாமல் கார்புரேட்டரைத் திறந்து வைத்திருந்தார். முதல் வேலையாகக் கிளிப்பை மூன்றாவது வெட்டிலிருந்து எடுத்து ஐந்தாவதில் மாட்டினார்.

“முதல்லேருந்து பாத்துடுவோம் பாப்பா.”

நான் உள்ளே போய் ஸ்கேலை எடுத்து, புதுப் பக்கத்தில் கட்டம் போட்டேன்.