பெயர் சொல்லாத இளவரசன்

தோஹா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கு வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். சண்டையெல்லாம் இல்லை, எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது, அவ்வளவுதான். ஒரு திருப்பத்தில் ரொட்டி சுடும் வாசனை வந்தது. கடையைத் தேடினால் அங்கே இருந்தது பெரிய இரும்புக் கதவு போட்ட ரொட்டித் தொழிற்சாலை. கை படாமலே பொட்டலம் வெளியே வருகிறது. வாசனை மட்டும் கரீமுடையது.

கரீம், சவூதியில் ஜுபைலில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் ரொட்டி சுட்டவன். ஆப்கானிஸ்தானத்து ஹெராத்காரன், என் வயதுதான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவன் அப்பா சொல்லிக் கேட்ட ஒரு நீண்ட பாரசீகக் கதைப்பாட்டு முழுக்க மனப்பாடம். இரண்டிரண்டு அடியாகப் போகும். முதல் அடிக்கு மாவைத் தட்டுவான். இரண்டாம் அடி அதே ஓசையில் வந்து முடியும்போது ரொட்டி அடுப்புச் சுவரில் போய் ஒட்டும். பிறகு உடைந்த இந்தியில் அர்த்தம் சொல்வான். நானும் இரண்டு பட்டாணிய லாரி டிரைவர்களும்தான் அவன் சபை.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் தர்பார், ஜமீன், சிப்பாய் என்று நம் ஊர் வார்த்தைகள் பாட்டுக்கு நடுவில் கிரீடம் வைத்துக்கொண்டு வரும். இளவரசி முகம் நிலா, உயரம் சைப்ரஸ் மரம். மரத்தைக் காட்ட ஜுபைலில் எங்கே போவது, விளக்குக் கம்பத்தைக் காட்டினான். கெட்டது எது நடந்தாலும் பழி சுழலும் வானத்தின் மேல். நாங்கள் ஏஜென்ட் மேல் போடுவோம்.

கதை இதுதான். அண்ணன் தம்பி இரண்டு இளவரசர்கள் சின்ன வயதில் பிரிந்து பகை நாடுகளில் வளர்கிறார்கள். முகத்தை மூடிய கவசத்தோடு போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். பெயரைச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கதைகளில் வீரன் லேசில் பெயர் சொல்லமாட்டான்.

வீரன் சாகும் இடம் வந்தால், கேட்பவர்கள் ஏதாவது வாங்கிக் கொடுத்துக் கதையைத் தள்ளிப்போடலாம். அது கரீம் ஊர் வழக்கம். ஒன்பது காலை சுலைமானி, அதாவது பால் சேர்க்காத டீ, வாங்கிக் கொடுத்து அண்ணனைக் காப்பாற்றினோம்.

ஒன்று சொல்ல மறந்தேன். அங்கே என் பெயர் முருகேசன். நிஜ முருகேசன் என் ரூம்காரர், முதுகுளத்தூர் பக்கம். லீவில் போகும்போதே திரும்புவதில்லை என்று முடிவு செய்து, தன் அடையாள அட்டையை என்னிடம் கொடுத்தார். "மீசை ஒத்துப்போகுதுல்ல தம்பி, போதும்." சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று என்று நான் என் கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்த நேரம்.

பத்தாம் நாள் கரீமே டீயைத் தள்ளி வைத்தான். "கலாஸ் பாய், முடிஞ்சுது. இன்னைக்கு அவன் சாகணும். எங்கப்பா ஆவி என்னை அடிக்கும்."

நீ யார் என்று தம்பி கேட்கிறான். சாகப்போகிறவனுக்கு என் பெயர் எதற்கு என்கிறான் அண்ணன். என்னையறியாமல் தமிழில் கத்திவிட்டேன். "சொல்லித் தொலையேன்டா."

டிரைவர்கள் சிரித்தார்கள். கரீம் மாவுக் கையை என் பக்கம் நீட்டினான். "அவன் சொல்லமாட்டான். நீ சொல்லு முருகேசன் பாய், உன் பேர் என்ன?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். கதையைப் பாதியில் விட்டு டியூட்டிக்குப் போனேன். நாற்பதடி உயரச் சாரத்தில் ஒரே நினைப்பு. இங்கிருந்து விழுந்தால் பெட்டி முதுகுளத்தூருக்குப் போகும். முருகேசண்ணன் டீ குடித்துக்கொண்டே தன் பெட்டியைத் தானே இறக்குவார். என் அம்மா என் போனுக்குக் காத்துக்கொண்டே இருப்பாள்.

மறுநாள் கரீமிடம் என் பெயரைச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். "நல்ல பேர்தானே பாய், எதுக்கு ஒளிச்ச?" ஒரு ரொட்டி கூடப் போட்டான். அங்கிருந்து நேரே பழைய கம்பெனியில் போய் நின்றேன். திட்டு, சில நாள் காவலில் அடைப்பு, ஊருக்கு விமானம். எல்லாம் என் பெயரிலேயே நடந்தது.

பல வருடம் கழித்து, நேரான விசாவில் ஜுபைல் போனபோது கேம்ப் இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. அண்ணன் செத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது ரொட்டிக்குக் காத்திருப்பவர்கள் காதில் ஆளுக்கொரு ஒயர்.

தோஹாவில் மறுநாள் காலை அந்தத் தொழிற்சாலையிலேயே மாவு மூட்டை இறக்க ஆள் எடுத்தார்கள். சூப்பர்வைசர் தாளிலிருந்து தலை தூக்காமல், "பேரு?" என்றார். சொன்னேன். அவர் கேட்காமலே அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.