முள் இல்லாத வில்வம்

மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். எட்டு வீட்டு ஆண்களும் ஏதாவதொரு ஆபீசில் குமாஸ்தா. ஆகையால் உலகத்தில் எங்களுக்குத் தெரியாத விஷயமே கிடையாது, பின்பக்கம் துவைக்கிற கல்லருகே தானாக முளைத்திருந்த ஒரு செடியின் பெயரைத் தவிர.

என் மனைவிக்கு அதில் சந்தேகம் இல்லை. காம்புக்கு மூன்று இலை, ஆகவே வில்வம். ரங்கூனில் வேலை பார்த்த அவள் தம்பியைப் பற்றி, ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் திரும்பி வரவேண்டும் என்று திங்கள்தோறும் அந்தச் செடியில் பதினொரு இலை பறித்துச் சிவன் படத்துக்கு வைப்பாள். பறித்துப் பறித்து அது புதராகவே நின்றது. வெயில் காலத்தில் இலை முழுக்க உதிர்ந்து மொட்டையானால் மார்க்கெட்டிலிருந்து நான் வில்வம் வாங்கி வருவேன். அந்த இலையையும் இந்த இலையையும் ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வருஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. மேலிடம் சொன்னால் சரி என்று கையெழுத்துப் போடும் புத்தி வீட்டிலும் போகாது.

யுத்தம் முடியும் தறுவாயில் செம்பூரில் ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தது. முன்னால் கொஞ்சம் மண்ணும் இருந்தது. செடியைப் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று முதல் மழைக்காகக் காத்திருந்தோம். நான் கடப்பாரையைத் தூக்கிய அன்று மாடி வீட்டு ஹெட் கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"வில்வமோ? வேரோட பெயர்க்கப்படாது ஓய். குடும்பத்துக்கு ஆகாதாக்கும்."

என் மனைவி வெளிறிப்போனாள். குடும்பம் என்றால் அவளுக்கு அப்போது தம்பிதான். அங்கேயே விட்டுவிடலாம் என்றால், நாங்கள் காலி செய்ததும் வீட்டுக்காரர் அந்த இடத்தில் கொட்டகை போடப்போகிறார். செடியை வெட்டித்தான் எறிவார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை நிபுணர் குழு கூடியது. மருந்துக் கம்பெனியில் டைப் அடிப்பவர் மூலிகை அறிஞர் என்ற முறையில் இலையைக் கசக்கி மோந்து, "வாசனை போறலை" என்றார். இன்னொருவர், "வில்வத்துக்கு முள் இருக்குமே, இதுல காணலையே" என்றார். அன்றைக்குப் பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது. ஹெட் கிளார்க் அதை ஒரு நிமிஷத்தில் தீர்த்துவைத்தார்.

"பம்பாய்த் தண்ணி ஓய். இங்கே முள் எப்படி வரும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். வில்வமேதான், தொடக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை. காப்பி மட்டும் என் வீட்டுக் காப்பி.

அந்த டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்த மராட்டிக்காரி, பெரிய மனுஷர்கள் எல்லாம் செடிக்கு முன்னால் குந்தி என்ன பார்த்தார்கள் என்று என் மனைவியிடம் கேட்டாள். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அரே பாயி, ஏ தோ வாய்வர்ணா ஹை. பாரிஷ் மே ஹம் இஸ்கா பாஜி பனாதே ஹை."

அவள் ஊரில் மழைக்காலத்தில் பொரியல் செய்கிற இலையாம். எங்கள் செடியிலிருந்தே வருஷாவருஷம் கொழுந்து கிள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பரமசிவனுக்கு நாங்கள் வைத்ததைவிட அவள் பிள்ளைகள் தின்றதுதான் அதிகம். விஷயம் மாடிக்கு எட்டியதும் ஹெட் கிளார்க், "நம்ம ஊர் மாவிலங்கம்தான் ஓய் அது. எனக்கு அப்பவே தோணித்து" என்றார். அவருக்கு ஏன் பதவி உயர்வு கிடைத்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். என் மனைவி சிவன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருஷம் தப்பான இலையைன்னா போட்டிருக்கேன். அதனாலதான் அவன் வரலையோ?"

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வில்வம் இல்லேன்னா பெயர்க்கறதுல தோஷம் இல்லையே. தோண்டுங்கோ."

ஈரச் சாக்கில் வேரைச் சுற்றிச் செம்பூருக்குக் கொண்டுபோய் நட்டோம். யுத்தம் முடிந்தது. ரங்கூனிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். தம்பி வரவில்லை.

பறிப்பார் இல்லாமல் இரண்டு மழைக்குள் செடி என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீசுக்குக் கிளம்பும்போது பார்த்தேன், அவள் தட்டை வைத்துக்கொண்டு அதன் கீழே நின்று எம்பிக்கொண்டிருந்தாள். தட்டில் எட்டு இலை. இது வில்வம் இல்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. குடையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு எட்டாத கிளையை வளைத்துப் பிடித்தேன். அவள் மீதி மூன்றையும் பறித்துக்கொண்டாள்.