முதல் நாள் ஆறுச்சாமி

புது மதர்போர்டின் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ஆறுச்சாமி முதலில் அதை மோந்து பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கை முக்கால்வாசி உள்ளே நுழைத்து, நீளமாக ஒரு இழுப்பு. பிறகு எழுந்துபோய் ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். உடம்பில் இருக்கிற மின்சாரமெல்லாம் கம்பி வழியாக இறங்கிப் போய்விட வேண்டுமாம். இல்லாவிட்டால் தொட்டவுடன் போர்டு செத்துப் போகுமாம். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்த அவர் மனைவி கீதா, இந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்தில் போய் நின்று ஜன்னலைக் கும்பிட்டிருக்கிறார்.

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடி வீடு. ஆறுச்சாமிக்கு வயது ஐம்பத்திரண்டு. பம்பு செய்யும் பவுண்டரிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது தொழில். பம்புக்குள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரைக் கம்ப்யூட்டரில் வரைவார். அதன் இதழ்களை இப்படி வளைத்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும், அப்படி வளைத்தால் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்துச் சொல்வார். சிங்காநல்லூர்ப் பக்கம் நாலைந்து பவுண்டரிகளுக்கு அவர் சொன்னதுதான் வளைவு.

"வேகமான பிராசசர் இல்லீன்னா நம்ம தொழிலே இல்லீங்க" என்பார்.

"போன கம்ப்யூட்டர்லயும் தண்ணி ஏறிட்டுத்தானுங்க இருந்துச்சு" என்பார் கீதா.

புதிதாக ஒரு பிராசசர் சந்தைக்கு வருகிறதென்றால், வருகிற அன்றைக்கே அதை வாங்கிவிட வேண்டும். அதுதான் ஆறுச்சாமியின் சீக்கு. இத்தனைக்கும் அப்படி வாங்கக் கூடாது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கோயம்புத்தூரில் கிடையாது. மற்றவர்களுக்கு மணிக்கணக்கில் புத்தி சொல்வார்.

"மொத ஈட்ல கைய வெக்காதீங்க. இட்லியாட்டத்தான். மொத ஈடு துணியோட ஒட்டிக்கும். நாலு மாசம் போகட்டும், கோளாறெல்லாம் செரி பண்ணிப்போட்டு நல்லதா ஒண்ணு உடுவான், அதை வாங்குங்க."

சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் கடை ஷட்டர் ஏறுவதற்கு முன்பே போய் நிற்பார். ஏனுங்க இப்படி என்று கேட்டால், "ஒட்டுன இட்லிய யாராச்சும் தின்னு பாக்கோணுமல்லங்க" என்பார்.

அவர் நிறையத் தின்றிருக்கிறார். ஒரு போர்டு, இரண்டாவதாகச் செருகிய மெமரியை ஒரு மாதம் வரை கண்டுகொள்ளவே இல்லை. இன்னொன்று, தூங்கப் போனால் எழுந்திருக்காது. அது தூங்கிவிடக் கூடாதென்று இரண்டு மாதம் மவுசை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் குளிக்கப் போகும்போது கீதா ஆட்டினார். மூன்றாவது ஒன்று, கீழே சமையலறையில் மிக்சி ஓடும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. குற்றம் போர்டின்மேல் இல்லை, வீட்டு வயரிங்கின்மேல் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வீட்டில் சட்னி இல்லை.

இந்த அனுபவங்களையெல்லாம் 'கோவை கம்ப்யூட்டர் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றைக்கே எழுதிவிடுவார். கல்யாண ஆல்பம் செய்பவர்கள், கல்லூரி வாத்தியார்கள், ஆடிட்டர்கள், ராத்திரி பகலாக கேம் ஆடுகிறவர்கள் என்று இருநூற்றுப் பதினாலு பேர் அதில். எல்லோரும் ஜாக்கிரதையான ஆட்கள். புதிதாக எது வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: 'அண்ணன் வாங்கியாச்சுங்களா?' அண்ணன் நாலைந்து வாரம் பாடுபட்டு, கடைசியில் 'தைரியமா வாங்கலாமுங்க' என்று எழுதிய பிறகுதான் ஒருவர் பின் ஒருவராகக் கடைக்குக் கிளம்புவார்கள்.

போன வருஷம் இது எல்லை மீறிப் போயிற்று. முதல் நாள் வாங்கிய புது மெஷின் பதினெட்டு நாள் முரண்டு பிடித்ததில், வேங்கடசாமிக்குக் கொடுக்க வேண்டிய டிசைன் நின்றுவிட்டது. வேங்கடசாமி சிங்காநல்லூர் பவுண்டரிக்காரர். கோபப்படத் தெரியாத மனிதர். சாப்பாட்டுக் கேரியரோடு காலையில் வந்து சோபாவில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை "பரவால்லீங்க, மெதுவா முடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாலு நாள் உட்கார்ந்தார். அவருடைய சர்க்கரை, அவர் சம்சாரத்தின் முழங்கால், அவர் மச்சான் வீட்டு வாஸ்து எல்லாவற்றையும் கீதா கேட்டு முடித்தார்.

ஐந்தாம் நாள் கீதா தன் போனை ஆறுச்சாமியின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சொல்லுங்க."

"என்னன்னுங்?"

"இனிமே புதுசா எது வந்தாலும் தொண்ணூறு நாளைக்குத் தொடமாட்டேன்னு."

ஆறுச்சாமி சொன்னார். அந்தக் குரல் பதிவைக் கீதாவே அவர் போனுக்கு அனுப்பி, அவர் போனிலிருந்து குழுவிலும் போட்டுவிட்டார்.

இந்த வருஷம் புது பிராசசர் வந்தது. பழைய போர்டில் உட்காராது, புது போர்டு வேண்டும். புது போர்டுக்குப் பழைய மெமரி ஆகாது, அதுவும் புதிதாக வேண்டும். ஆறுச்சாமிக்குச் சொர்க்கம் மூன்று வாசலோடு திறந்த மாதிரிதான். வெளியான அன்றைக்கு அவர் ஸ்கூட்டரை மூன்று தடவை கழுவினார்.

குழுவில் மயான அமைதி. யாராவது ஒருவர் வாங்கிப் பார்த்துச் சொன்னால் தேவலை என்று ஒருவர் எழுதினார். ஆடி கழியட்டும் என்றார் ஒருவர். பையனுக்குப் பரீட்சை என்றார் இன்னொருவர். பதினாறு பேர் வெறும் கும்பிடு போட்டார்கள்.

நாலாம் நாள் ஷேக் பரீத் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆர்.எஸ்.புரத்தில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருப்பவர். கீதா கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நாலு செட்டு எறக்கிட்டேன்ணா. வர்றவங்க எல்லாம் பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க, 'அண்ணன் என்னங்க சொன்னாரு'ன்னு கேக்கறாங்க, போயிடறாங்க."

"அவர் வாக்குக் குடுத்துட்டாருங்க பாய்" என்றார் கீதா.

பரீத் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். வழியனுப்ப வந்த ஆறுச்சாமியிடம் மாடிப்படியில் குரலைத் தணித்துக்கொண்டார். "தொடமாட்டேன்னுதானுங்ணா சொன்னீங்க? நீங்க தொட வேண்டாம். நான் தொடறேன். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க."

ஆறுச்சாமி இரண்டு படி இறங்கும்வரை யோசித்தார். மூன்றாவது படியில் யோசனை முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் காய் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு அவர் தினமும் கிளம்பினார். கடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வழி சொல்வது, திரும்பும்போது சந்தையில் கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு வருவது. கண்ணில் பட்டதெல்லாம் பீட்ரூட்டாகவே இருந்தது.

"ஏனுங்க, இன்னைக்கும் பீட்ரூட்டுங்களா?"

"ரத்தத்துக்கு நல்லதாமா, அம்மணி."

ஐந்தாவது பையையும் வாங்கி வைத்த மறுநாள், கீதா பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் போய் இறங்கினார். சந்தைக்குப் போகவில்லை. நேராக பரீத் கடைக்குப் போனார்.

ஆறுச்சாமி கண்ணாடி மேசைக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால். மூக்கு நுனியில் வியர்வை.

"அந்தக் கொக்கிய மெதுவா, பாய். மெதுவா. ஐயோ, அவ்வளவு மெதுவா வேண்டாமுங்க. இப்பச் சுவிச்சப் போடுங்க."

நிமிர்ந்தபோது கீதாவைப் பார்த்தார். "நான் தொடலை" என்றார் உடனே. கட்டிய கையை அவிழ்க்கவும் இல்லை.

கீதா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். விசிறி ஓடியது, திரை கறுப்பாகவே இருந்தது. இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். பரீத்துக்கு முகம் வெளிறியது. ஆறுச்சாமியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "என்னமோ இருக்குதுங்க பாய்" என்றார், பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறவரைப் போல. "உள்ள என்னமோ இருக்குது."

பதினோராவது நிமிஷம் திரை பளிச்சென்று எரிந்தது. மெமரியைப் பழக்கிக்கொள்ள அதற்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கிறது. அதன்பிறகு மணிக்கணக்கில் ஓட்டினார்கள். சூடாகவில்லை, நிற்கவில்லை. தூங்கவைத்தால் தூங்கியது, எழுப்பினால் எழுந்தது.

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது கவுண்டம்பாளையம் தாண்டியதும் கீதா கேட்டார்.

"நல்லாத்தானுங்க ஓடுது? அதுக்கேன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமே இல்ல கீதா. சும்மா ஓடுது."

அடுத்த ஐந்து நாளும் கீதாவின் அனுமதியோடு, கையைக் கட்டிக்கொண்டே, அதில் ஒரு கோளாறைத் தேடினார். பரீத்தை விட்டு மெமரியைக் கழற்றி மாட்டச் சொன்னார். கடையின் ஏசியை நிறுத்தச் சொன்னார். பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து மிக்சியை வாங்கி வந்து ஓட்டிப் பார்த்தார்கள். பொய் சொல்ல அவருக்கு வராது. ஆறாம் நாள் குழுவில் நாலே சொல் எழுதினார்: 'குறை இல்லை. தைரியமா வாங்கலாமுங்க.'

அன்று சாயங்காலத்துக்குள் நாலு செட்டும் போய்விட்டன. பரீத் மேற்கொண்டு பன்னிரண்டு வரவழைத்தார், அதுவும் போயிற்று. குழுவில் தினமும் ஒருவர் புது மெஷினைப் படம் பிடித்துப் போட்டார். எல்லோர் வீட்டிலும் ஓடுகிற கம்ப்யூட்டர் ஆறுச்சாமி வீட்டில் மட்டும் இல்லை. அவர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, 'ஒயரைக் கொஞ்சம் ஒதுக்கிக் கட்டுங்க' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினார்.

பிராசசர் வெளியான முப்பத்தோராம் நாள் வேங்கடசாமி கேரியரோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார். புது மாடல், ஒன்பது வளைவு, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்கப் பழைய மெஷினுக்கு இரண்டு நாள் ஆகும். "பரவால்லீங்க, மெதுவா முடிங்க" என்றார் வேங்கடசாமி. "மச்சான் மறுபடியும் வாசலை மாத்தறானுங்க" என்று கீதாவின் பக்கம் திரும்பினார்.

கீதா ஆறுச்சாமியின் போனை எடுத்து, குழுவுக்குத் தன் குரலிலேயே ஒரு பதிவு போட்டார். "வணக்கமுங்க. ஆறுச்சாமி ஊட்டுக்காரி பேசறனுங்க. அந்தத் தொண்ணூறு நாள் இன்னைக்கோட முடிஞ்சுதுங்க."

மத்தியானத்துக்குள் புது மெஷின் வந்து இறங்கியது. நாலு நாளில் ஒன்பது வளைவும் முடிந்தது. வேங்கடசாமி கும்பிட்டுவிட்டுப் போனார். ஆறுச்சாமிதான் நாட்டமில்லாமல் திரிந்தார். மெஷின் முன்னால் உட்காருவார், கன்னத்தில் கை வைப்பார், பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார், மறுபடி மூடுவார். "செரியா ஓடறதுக்கு நானெதுக்குங்க?" என்று ஒருநாள் அதனிடமே கேட்டுக்கொண்டிருந்ததைக் கீதா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. சூலூரிலிருந்து லோகப்பிரியா, கல்யாண ஆல்பம் செய்கிற பெண், குழுவில் இருப்பவர். ஆறுச்சாமி எழுதியதைப் படித்துத்தான் வாங்கினாராம். புதன்கிழமை பெண் வீட்டாருக்கு ஆல்பம் கொடுக்க வேண்டுமாம். குரல் அழுகைக்குக் கிட்டத்தில் இருந்தது.

"காத்தாலிருந்து ஆன் ஆக மாட்டீங்குதுங்கண்ணா. ஒரு மணி நேரமா அப்படியே உட்டுப் பாத்துட்டேன்."

ஆறுச்சாமியின் விரல்கள் சாதத்தில் நின்றன. "பயப்படாதீங்க அம்மணி, நான் இருக்கறேன். போர்டு ஓரத்துல சின்னதா ஒரு லைட்டு எரியும், பாருங்க. செவப்புன்னா பிராசசர்ல கோளாறு, மஞ்சள்னா மெமரில. எதுங்க எரியுது?"

அந்தப் பக்கம் ஏதோ நகர்த்தும் சத்தம். பிறகு பதில் வந்தது.

ஆறுச்சாமி போனைத் தோளில் அழுத்தி மூடிக்கொண்டு கீதாவின் பக்கம் திரும்பினார். "மஞ்சளாமா" என்றார் ரகசியமாக. சொல்லும்போதே எழுந்துவிட்டிருந்தார். ரசம் சொட்டுகிற கை, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த சட்டையைத் துழாவிக்கொண்டிருந்தது.