தைத்த கண்ணால் படித்தது

என் வலது கண்ணின் கருவிழிப் படலத்தை மதுரையில் ஒரு மருத்துவமனையில் மாற்றித் தைத்தார்கள். புதுப் படலம் இறந்துபோன யாரோ ஒருவருடையது. யார் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்க வேண்டாமென்று அப்பாவோடு மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனபோது காய்ந்த இலை நுனி ஒன்று கண்ணில் அடித்தது. அதோடு விட்டிருந்தால் ஆறியிருக்கலாம். எஸ்டேட்டில் யாரோ பச்சிலையைப் பிழிந்து விட்டார்கள். புண்ணாகிப் பழுத்து, ஆறும்போது வெள்ளையாகப் பூ விழுந்துவிட்டது.

இடது கண் சிறு வயதில் அம்மை வந்தபோதே போனது. ஆகவே தைத்த கண்ணில் எழுத்துத் தெரிந்தால் நான் வாத்தியார். தெரியாவிட்டால் என்ன என்பதை வீட்டில் யாரும் பேசவில்லை.

கண்கட்டைப் பிரித்து, எங்கள் ஊரான போடிக்கு வந்த புதிதில், வடிகஞ்சி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. அம்மாவின் முகத்துக்கு முன்னால் அவள் சேலையின் நிறம் வந்தது. மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கறை. சில நாட்களில் அந்தக் கறைக்கு மேல்விளிம்பு கிடைத்தது. பிறகு அதற்குள் வெளிச்சமான சரிவும் இருட்டான சரிவும் பிரிந்தன. விளக்குகளுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது.

குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, புகை ஆகாது. அம்மா அடுப்பைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சொட்டு மருந்து விட அவளுக்குப் பயம். அப்பாதான் விட்டார். காய்ப்பேறிய அந்த விரல்கள் இமையைக் கீழே இழுக்கும்போது ஏலக்காய் வாசம் அடிக்கும்.

தினமும் விடியற்காலையில் அப்பாவை ஏற்றிப்போக ஜீப்பு வரும். ஓட்டுகிறவர் அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டபடி வாசலுக்கு வந்து எட்டிப்பார்ப்பார்.

"மாப்ளே, கண்ணு ஆம்பளையதா பொம்பளையதாடா?"

"தெரியாது மாமா."

"பொம்பளையதா இருந்தா சூதானமா இரு. ஜவுளிக்கடைப் பக்கம் போனா அதுபாட்டுக்கு அங்கேயே நின்னுக்கிரும்."

"வெளங்காத பேச்சு பேசாம வண்டிய எடுடா, லோடு காத்துக் கெடக்கு" என்பாள் அம்மா.

அப்பா உடனே கிளம்ப மாட்டார். சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கும். அதன் அடியில் ஒவ்வொரு ராசிக்கும் ஒரே ஒரு சொல்லில் பலன் போட்டிருக்கும். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கூட்டியவன் நான். நாலாம் வகுப்பிலிருந்தே அப்பா மலை ஏறுமுன் கன்னி ராசிக்கு என்ன என்று நான் படித்துச் சொல்லியாக வேண்டும். லாபம் என்றாலும் கவலை என்றாலும் அவர் போகத்தான் செய்வார். ஆனால் கேட்காமல் போகமாட்டார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கேட்காமலே போனாராம். வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

"தெரியுதாப்பு?"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகத் தெரிந்தது. புள்ளி எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு ஒருநாள் தாளில் மூக்கு உரசுமளவு நெருங்கி, "லாபம்" என்றேன். அம்மா கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். அடுத்த நாள் "வெற்றி". அதற்கடுத்த நாள் "நட்பு". மாமா ஜீப்பில் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். ராசிங்காபுரத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்து, நான் படிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

தெருக்கோடியில் ஒரு சாவு விழுந்தது. அம்மா அங்கே போய்விட்டதால் காலையில் தாள் கிழிக்கவில்லை. அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் நெருங்கிப் பார்த்து "நட்பு" என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டவர் அப்படியே நின்றார்.

"ஏப்பா, இது நேத்துத் தாளுல்ல?"

அப்பாவுக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். தேதி அதில் உள்ளங்கை அகலம் இருந்தது. எனக்கும் அது தெரிந்திருக்கும். கண்ணுக்கு அது ஒரு பரீட்சையே இல்லை என்று நான்தான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நேத்து லாபம்னு சொன்ன. இன்னைக்கி நட்புங்கிற. ஒரே தாளு எப்பிடிப்பா ரெண்டு சொல்லும்?"

அந்நேரம் உள்ளே வந்த அம்மா, "அவனப் போட்டு ஏன் கொடையிற? ராசின்னா காலையில ஒண்ணு, பொழுதுக்கு ஒண்ணு மாறத்தான் செய்யும்" என்றாள்.

"ராசி மாறும்த்தா. தாளு மாறாதுல்ல."

வாசலில் ஜீப்பு ஒலிப்பான் அடித்தது. அப்பா போகவில்லை.

அன்று முழுவதும் அதையே யோசித்துக் கிடந்தேன். காலண்டரில் ஆண்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிற சொற்கள் ஒரு கைப்பிடிதான். முன்னால் கொம்பு வளைந்தால் வெற்றி. கடைசியில் வால் இறங்கினால் நட்பு. நீளமாகக் கிடந்தால் லாபம். மீதியை நாலாம் வகுப்பிலிருந்து படித்த பழக்கம் நிரப்பியிருக்கிறது. பொய் சொல்லவில்லை. எழுத்து கண்ணில் தெரிந்ததாகவே நம்பினேன். எவ்வளவு பார்க்கிறேன், எவ்வளவு எனக்கு முன்பே தெரியும் என்பதைப் பிரிக்க முடியவில்லை. தைத்த படலம் ஒட்டாமல் மங்கிக்கொண்டு வருகிறதோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

மறுநாள் அப்பாவும் நானும் மதுரைக்குப் போனோம். எழுத்து அட்டையின் முன் உட்காரவைத்ததும், "சார், இந்த அட்டை எனக்கு மனப்பாடம்" என்று மருத்துவரிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன்.

"படிச்சவங்களோட இதுதான் தொல்லை" என்றார் அவர். "தெரியாததையும் படிச்சிருவாங்க."

எழுத்து அட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது. மூன்று பல் வைத்த சீப்புபோல் ஒரே வடிவம், மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நிற்கும். பல் எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட வேண்டும். கை தூக்க எனக்கு ஒரு நொடி கூசியது. பின்னால் நின்ற அப்பா எனக்கு முன்பே மூன்று விரலை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவரே, உங்க கண்ணு எனக்கு வேணாம். பையன் காட்டட்டும்."

"இல்லீங்க, நமக்கும் நல்லாத் தெரியுது, அதான்."

எனக்கு மேல் வரிசைகள்தான் தெரிந்தன. மருத்துவர் கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். படலம் தெளிவாக ஒட்டியிருக்கிறது, தையல் ஒரு பக்கம் இறுக்கி இழுக்கிறது, அதனால்தான் உருவம் நெளிகிறது என்றார். சில தையல்களைப் பிரித்தார்.

"எழுத்துத் தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியலாம். இப்பச் சொன்னா அது நீங்க காலண்டர் படிச்ச மாதிரிதான்."

அடுத்த வாரங்களில் நான் எதையும் படிக்கவில்லை. மறுபடி போனபோது இன்னும் சில தையல் பிரித்து, தற்காலிகமாக ஒரு கண்ணாடியும் கொடுத்தார்கள். கனமாக, மூக்கை அழுத்திக்கொண்டு இருந்தது. பேருந்து நிலையத்தில் போடி பஸ்சுக்கு நின்றோம். எதிர்ச் சுவரில் நீல எழுத்தில் ஒரு வரி. படிக்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பினேன். ஏதோ உறுத்தி, மறுபடி பார்த்தேன்.

'இங்கே எச்சில் துப்பதீர்கள்.'

'துப்பாதீர்கள்' என்று இருக்க வேண்டும். எழுதியவர் துணைக்காலை விட்டுவிட்டார். ஊகித்துப் படித்திருந்தால் சரியாகத்தான் படித்திருப்பேன். இல்லாத கால் இல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாக மறுபடி போனேன். 'ப'வுக்குப் பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு. பக்கத்தில் நின்ற அப்பாவின் முழங்கையைப் பிடித்தேன்.

"அப்பா, அங்க ஒரு காலக் காணோம்."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை மேலும் கீழுமாகத் தேடினார்.

"யாருக்குப்பா?"