கிழக்கில் தொடங்கிய புள்ளி

பின்லாந்தில் ரவுண்டானாவை இடமாகச் சுற்றுகிறார்கள். அது என் வலக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று சைக்கிள் ஹேண்டில்பாரை இன்னமும் கை தானாகத் திருப்புகிறது.

இங்கே ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பயிற்சி எடுக்கிறேன். என் வகுப்பில் ஒரு விதி: கணித மென்பொருளில் கட்டளை எழுதியதும் ஓட்டிவிடக் கூடாது. திரையில் என்ன நடக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு ஓட்டிப் பார்த்து, யோசனை எங்கே சறுக்கியது என்று தேட வேண்டும். அன்று கடைசி வரிசையில் மேற்பார்வை ஆசிரியை உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு வேலை.

வட்டத்தின் கிழக்கில் ஒரு புள்ளி. கோணம் பத்துப் பத்து டிகிரியாகக் கூடும். எந்தப் பக்கம் போகும்? பிள்ளைகள் யோசிப்பதற்குள் நானே முந்திக்கொண்டு "கீழே" என்றேன். ஓட்டினோம். புள்ளி மேலே ஏறி இடமாகச் சுற்றியது.

"மிக்ஸி?" என்றாள் ஒரு சிறுமி. இவர்கள் மொழியில் 'ஏன்'. வந்த புதிதில் எனக்குச் சட்னிதான் ஞாபகம் வந்தது.

கோணம் இடமாகக் கூடும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் கிழக்கு என்றதும் கால் முந்திக்கொண்டது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகக் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி வந்து, கிழக்குக் கோபுரத்திலிருந்து தெற்காக நடப்போம். ஒருமுறை வாட்டர் பாட்டிலை மறந்துவிட்டுப் பத்தடி திரும்பி நடந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். "பின்னால போவாதடா. முழுசா சுத்தி வந்து எடுத்துக்கலாம்." முழுசா என்றால் பதினாலு கிலோமீட்டர்.

இதை வகுப்பில் சொன்னேன். "ஜெயித்தால் என்ன பரிசு?" என்று கேட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் மேற்பார்வை ஆசிரியை பேனாவைத் திறந்தார். "அந்தப் பிழையை வேண்டுமென்றே வைத்தீர்கள், இல்லையா? நல்ல உத்தி." தலையாட்டினால் போதும். "இல்லை, தெரியாமல் செய்தது" என்றேன். பேனாவை மூடிவிட்டு, அடுத்த வாரம் இன்னொரு வகுப்பு எடுக்கச் சொன்னார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆமான்னு சொல்லியிருந்தா பாஸா?"

"ஆமாம்மா."

"சரி வுடு. அந்தப் புள்ளி எந்தப் பக்கமா சுத்துச்சுன்ன?"

"இடமா."

"அய்ய! மொதல்ல அத்த நிறுத்துடா."

நிறுத்தவில்லை. அடுத்த வகுப்புக்கு அதே இடத்தில் இன்னொரு புள்ளி வைத்து, அதன் கோணத்துக்கு முன்னால் மைனஸ் போட்டிருக்கிறேன்; அது வலமாகச் சுற்றும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று இம்முறை நானும் முதலில் தாளில் எழுதிக்கொண்டேன். ஓட்டினேன். மேற்கில் ஒருமுறை, கிழக்கில் ஒருமுறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே புள்ளியாகத் தெரிந்து, அடுத்த பத்து டிகிரியில் பிரிந்து போகின்றன.