மேலாக வைத்த ஸ்வெட்டர்

திருத்தங்கலில் வளர்ந்த நான் குளிரை முதலில் பார்த்தது காலண்டரில்தான்.

அப்பா எங்கள் வீட்டின் முன்னறையில் காலண்டர்களுக்குத் தகரப்பட்டை அடித்துக் கொடுக்கும் வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். அச்சகங்களிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்கள் வரும். சாமி படங்களுக்கு நடுவே பனிமலைகளும், பனியில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரக் குழந்தைகளும் இருப்பார்கள். மை சரியாகப் பிடிக்காத தாள்களை அப்பா எனக்குத் தந்துவிடுவார். நாலாம் வகுப்பில் என் புத்தகங்கள் அத்தனைக்கும் அந்தப் பனிதான் அட்டை. அதில் ஒரு படத்தில் சிவப்புக் கோட்டு போட்ட சிறுமி ஒருத்தி நின்றாள். கோட்டோடு சேர்த்தே தொப்பி தைத்திருந்தது. தொப்பியின் ஓரத்தில் வெள்ளை ரோமம். கழுத்தெல்லாம் வேர்த்து வடியப் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, உலகத்தில் வேறெந்த உடுப்பும் அதற்கு ஈடாகத் தெரியவில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் சித்தப்பா டெல்லிக்குப் போவதென்று முடிவானது. அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தார். அதுவரை ஆந்திரா பக்கம்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை எழுதி இந்தி படித்து வைத்திருந்ததால் அவருக்கு வடக்கு கிடைத்தது. எங்கள் தெருவில் பெல்ட் கட்டி, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு நடக்கிற ஒரே ஆள் அவர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கையை இரண்டே மடிப்பு மடித்துவிட்டிருப்பார். மூன்றாவது மடிப்பு சண்டைக்காரன் மடிப்பு என்பார்.

சித்திக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரியாபட்டிப் பக்கம் விவசாயம் செய்கிற குடும்பத்திலிருந்து வந்தவள். மாடு கறக்கத் தெரிந்த கைக்கு எங்கள் வீட்டுத் தாளும் தகரமும் பிடிபடவில்லை. தாள்களை எண்ணும்போது நடுவில் எங்கேயாவது விட்டுவிடுவாள். அம்மா வாங்கி மறுபடி எண்ணுவாள். எண்ணி முடித்ததும் ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் தாள்கட்டை எடுத்து வைப்பதைச் சித்தி பார்த்துக்கொண்டே நிற்பாள். அதனாலோ என்னவோ, சித்தப்பாவின் பெட்டியை அடுக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் முன்பிருந்தே தொடங்கிவிட்டாள். தினமும் சாயங்காலச் செய்தியில் டெல்லியின் வானிலையைப் பார்த்து, வீணான காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தாள். காலையில் பனிமூட்டம், மதியம் வெயில், சாயங்காலம் மழை. ஒரே நாளில் மூன்றும் எப்படி வரும் என்று அவளுக்கு ஆச்சரியம். "ஒரு நாளைக்கு மூணு வேசம் போடுற ஊரா இருக்கு பாப்பா. நாம மூணுக்கும் துணி வைக்கணும்" என்றாள்.

ஸ்வெட்டர் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. சித்தியின் தம்பி கல்லூரிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போனபோது அத்தானுக்கென்று வாங்கிவந்த காப்பிக்கலர் ஸ்வெட்டர் ஒன்று பீரோவில் இருந்தது. அதை எடுத்து வெயிலில் காயவைத்து, பூச்சி உருண்டை வாசம் போகும்வரை உதறினாள்.

நான் சித்தப்பாவிடம் சிவப்புக் கோட்டின் படத்தைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "பெட்டில எடமிருந்தா வாங்கிட்டு வாரேன் பாப்பா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் மனதில் உட்கார்ந்துகொண்டது. பெட்டியில் இடமில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. ரயிலில் பட்டாசு கொண்டுபோகக் கூடாது என்பதால், கடைக்காரர்களுக்குக் காட்ட வெறும் அட்டைப்பெட்டிகளைக் கம்பெனி கொடுத்தனுப்பியிருந்தது. மயிலும் புலியும் அச்சடித்த காலிப் பெட்டிகள். அவையே பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. மீதியில் நான்கு முழுக்கைச் சட்டை, இரண்டு பேன்ட், துண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஸ்வெட்டர்.

கிளம்புகிற அன்று காலையில் சித்தி அதை மடித்து வைக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நாக்பூர் தாண்டுனதும் குளிர ஆரம்பிச்சிருமாம். அதான் மேலாக வைக்கேன். பெட்டியத் தொறந்ததும் கைக்கு வந்துரும்" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, வழிக்குக் கட்டிய புளிச்சோற்றை ஆறவைக்கச் சமையலறைக்குப் போனாள்.

நான் ஸ்வெட்டரை எடுத்தேன். கோட்டு உட்காரப் போகிற இடம் அது என்று கையால் அளந்துகூடப் பார்த்தேன். பின்கட்டில் காலண்டர் வெட்டிய துண்டுத் தாள்கள் சாக்குகளில் கிடக்கும். ஒரு சாக்கில் கையை விட்டு, தாள்களுக்கு அடியில் ஸ்வெட்டரைத் திணித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டால் முடிந்தது என்பது என் கணக்கு.

சித்தப்பா பெட்டியை மூடினார். "முழங்கால வச்சு அமுத்தணும்னு சொன்னே, லேசா மூடிருச்சே" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னார். "நீ அடுக்குன நேர்த்தி." சித்தியின் முகம் மலர்ந்தது. பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, விருதுநகரில் ரயிலேறக் கிளம்பிப் போனார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பின்கட்டு காலியாக இருந்தது. பழைய தாள் வாங்குகிறவர் வேன் கொண்டுவந்து எல்லாச் சாக்குகளையும் ஏற்றிப் போயிருந்தார். கழுவிவிட்ட தரையில் ஈரம்கூடக் காயவில்லை.

மறுநாள் சாயங்காலம் ரயிலிலிருந்து சித்தப்பா பேசினார். சித்தி போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, "மேலாகத்தான வச்சேன்? நல்லாப் பாருங்க. சட்டைக்கு அடியில பாருங்க" என்றாள். அப்பா போனை வாங்கினார். "எறங்குனதும் மொத வேலையா ஒண்ணு வாங்கிக்கிடுப்பா." லைன் அறுந்துவிட்டது.

அவர் வாங்கவில்லை. அதைப் பிற்பாடு அவர் சொல்லித்தான் அறிந்தோம். இறங்கிய அன்று காலையில் எதிரே வருகிற ஆள் தெரியாத பனி. பல் கிட்டிக்கொண்டது. கடைகள் திறக்க நேரமாகும் என்றார்கள். மதியம் பளீரென்று வெயில் அடித்ததும், நம்மூர் வெயில்தானே, நான்கு நாளைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த வெயிலில் நடக்கும்போதுதான் நடைபாதைக் கடையொன்றில் சிவப்புக் கோட்டைப் பார்த்து எனக்கு வாங்கியிருக்கிறார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த முழுக்கைச் சட்டை உடம்பிலேயே காய்ந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். அதோடும் இரண்டு கடை ஏறி இறங்கியிருக்கிறார். மீதிக் கடைகளுக்குப் போக முடியவில்லை.

அவரை அழைத்துவர அப்பாவோடு நானும் விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போனேன். நல்ல காலை வெயில். பெட்டியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா மெதுவாக இறங்கினார். அவர் கழுத்தில் என் சிவப்புக் கோட்டு சுற்றியிருந்தது. அதன் இரண்டு சின்னக் கைகளையும் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார். அவரிடமிருந்த ஒரே கம்பளித் துணி அதுதான். சொன்னால் வெட்கம், கோட்டு வந்துவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடுத்ததாக, ரோமத்தை அழுக்காக்கிவிட்டாரே என்று தோன்றியது. அவர் நின்று மூச்சு வாங்கி, குரலே வராமல், "புடிச்சிருக்கா பாப்பா?" என்றார்.

ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லையா? அம்மா அதற்கு ஒரே பதிலை வைத்திருந்தாள். "வச்சாத்தான கொண்டுபோக?"

"கையால மடிச்சு வச்சேன்க்கா" என்று சித்தி ஒவ்வொரு முறையும் சொன்னாள். முதலில் சத்தமாக. பிறகு அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி. ரயிலில் யாராவது எடுத்திருப்பார்களோ என்று ஒரு உறவினர் கேட்டார். பூட்டு பூட்டியபடி இருந்தது, சாவி தன் பையிலேயே இருந்தது என்றார் சித்தப்பா. அவருக்குப் பொய் சொல்ல வராது. "விடுங்க மதினி. நானும் ஒரு தடவ பாத்திருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அவள் வைத்திருப்பாள் என்று அவரும் சொல்லவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவும் அம்மாவும் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் சித்தியும் மட்டும். பீரோ, பரண், கட்டிலுக்கு அடி என்று எல்லா இடத்தையும் அவள் முன்பே தேடி முடித்திருந்தாள். அன்று பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். காலிப் பெட்டிகளை அடுக்கினாள். சட்டைகளை வைத்தாள். ஒரு போர்வையை ஸ்வெட்டர் அளவுக்கு மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். முழங்காலை ஊன்றி மூடியை அமுக்கிப் பார்த்தாள். அமுக்கினால்தான் மூடியது. பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீ இங்கனதான இருந்தே? நான் வச்சதப் பாத்தியா பாப்பா?"

பார்த்தேன் என்று சொன்னால், பிறகு எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அந்த வயதில் எனக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பாக்கல சித்தி."

"நாக்பூர்னு சொன்னேனே? மேலாக வைக்கேன்னு சொன்னேனே?"

"நீங்க ஒண்ணும் சொல்லல சித்தி."

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. சந்தேகமும் படவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தாள். "சொல்லலையா? அப்ப சரிம்மா" என்றாள். போர்வையை எடுத்து உதறி மடித்துவைக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அம்மா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சித்தி அவள் முன்னால் போய் நின்றாள். "நான் மறந்துதான் போயிருக்கேன்க்கா. வைக்கல" என்றாள்.

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. "போகட்டும் விடு. ஊருக்கு அனுப்புற அலைச்சல்ல யாருக்கும் வாரதுதான். நானும் அம்புட்டுப் பேர் முன்னால பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாத" என்று சொல்லித் தானே காப்பி போட்டுக் கொடுத்தாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து குடித்தார்கள். ஒரு வாரமாக வீட்டில் இல்லாத அமைதி அது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரே நிம்மதி. இதைச் சித்தி முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

சித்தப்பா பிழைத்து எழுந்தார். ஆனால் குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கம்பெனி வடக்குக்கு வேறு ஆளைப் போட்டது. அவருக்கு ஆபீசில் லாரி லோடு எழுதும் வேலை கொடுத்தார்கள். ஷூ போடத் தேவையில்லாத வேலை.

போன வருடம்தான் சித்தியிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்காக நான் பெங்களூருக்குக் கிளம்புகிறேன் என்று கேள்விப்பட்டு வந்து எனக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாக்கையும் வேனையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதேன். சித்தி என் தலையைத் தடவிக் கொடுத்துச் சிரித்தாள்.

"எனக்காகச் சொல்லுத. மறந்தது நாந்தான் பாப்பா. நல்லா ஞாபகம் இருக்கு. காயவச்சு எடுத்தவ கட்டில்லயே வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை.

அந்த வருடம், சித்தி என் அம்மாவிடம் ஒப்புக்கொண்டதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பாவைப் பார்க்க நானும் அவளும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வெயிலில் வேர்த்து ஊற்ற ஊற்ற நான் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். சித்தி வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். தெருமுனைவரை வந்தவள், "கதவப் பூட்டுனேனா?" என்றாள். "பூட்டுனீங்க சித்தி, நான் பாத்தேன்" என்றேன். அவள் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழி வந்தபிறகு மறுபடி நின்றாள். என் கையை விட்டுவிட்டு மறுபடி வீட்டைப் பார்க்க வேகமாக நடந்தாள். அவள் எதைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறையும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தபோது, அது ஏதோ விளையாட்டென்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். சித்தியும் என்னோடு சேர்ந்து சிரித்தாள்.