தொப்பியில் ஒரு பிடி சோளம்

பன்றியைக் கண்டதும் ஒபதியா டோட் தொப்பியைக் கழற்றிவிடுவார். அது வணக்கம் அன்று. தொப்பியைத் தரையில் மல்லாத்தி, சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி மக்காச்சோளத்தை அதில் போட்டு, "வாம்மா, வெக்கப்படாம சாப்பிடு" என்பார். பன்றி மூக்கை நுழைத்த கணத்தில் முக்கோண மரக்கட்டை அதன் கழுத்தில் ஏறிவிடும். பிறகு அது எந்த வேலியிலும் புக முடியாது.

தொழிலால் அவர் பீப்பாய் செய்பவர். அவருடைய பீப்பாய்களில்தான் ஊரின் உப்புப் பன்றிக்கறி தெற்கே கரும்பு விளையும் சர்க்கரைத் தீவுகளுக்குக் கப்பலேறுகிறது. "உயிரோட இருந்தா கட்டை, செத்தா பீப்பாய். ரெண்டும் என் கைவேலைதான்" என்று சிரிப்பார்.

அவிழ்த்துவிட்ட பன்றிகள் வயலில் புகாமல் கட்டை பூட்டும் பன்றிக் காவல், மாசசூசெட்ஸ் ஊர்களில் புது மாப்பிள்ளைகளின் தலையில் விழும் பொறுப்பு. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வேடிக்கைக்காகவே அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். இத்தனை காலமும் அப்படி மற்றவர்களைத் தேர்ந்தெடுக்க முதலில் கை தூக்கியவர் ஒபதியா. அவரே தம் நாற்பத்தாறாம் வயதில், கைம்பெண்ணான எப்சிபா அம்மாளை மணந்தார். அடுத்த மார்ச்சில் கூட்டமே அவருக்காகக் கை தூக்கியது. இளவட்டங்கள் இந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான் வழக்கம். ஒபதியாவோ மே மாதத்துக்குள் ஊரிலுள்ள பன்றிகளுக்கெல்லாம் கட்டை பூட்டிவிட்டார், ஒன்றைத் தவிர.

அது எப்சிபா அம்மாள் புகுந்த வீட்டுக்குத் தம்முடன் ஓட்டிவந்த புள்ளிச்சி.

"புள்ளத்தாச்சி கழுத்துல கட்டையா? அவ பரம சாதுங்க. அடுத்தவங்க வேலிப் பக்கமே போகமாட்டா."

ஒபதியா கஞ்சியைக் குடித்து முடித்தார். ஆனாலும் மேப்பிள் மரத்தில் ஒரு கட்டையை இழைத்துப் பட்டறைக் கதவின் பின்னே மாட்டிவைத்தார்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலையில், பக்கத்து வயல்காரர் காலேப் வேரோடு பிடுங்கப்பட்ட சோளத்தட்டையுடன் பட்டறை வாசலில் நின்றார். "ஊர்ப் பன்னிக்கெல்லாம் சட்டம், உன் வீட்டம்மா பன்னிக்கு மட்டும் சலுகையாப்பா?"

ஒபதியா உளியை வைத்துவிட்டு எழுந்து, கதவின் பின்னிருந்த கட்டையை எடுத்துக்கொண்டார். தம் வீட்டுச் சமையலறைச் சன்னலைக் கடந்துதான் புள்ளிச்சியை ஊர்ப் பட்டிக்கு ஓட்டிச் செல்ல வேண்டியிருந்தது. சன்னலில் எப்சிபா அம்மாள் நின்றிருந்தார்.

பட்டியில் அடைபட்ட பன்றியை, உரியவர் நேரில் வந்து கட்டை பூட்டச் சம்மதித்தால்தான் மீட்க முடியும். நண்பகலில் ஒபதியா வீட்டுக்குப் போகவில்லை. பட்டிச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று ஊரில் பலருக்கும் அந்த வழியாகத்தான் வேலை இருந்தது. இன்றைக்குச் சாப்பாடு வீட்டிலா, புள்ளிச்சியுடன் பங்கா என்று காலேப் விசாரித்தார்.

"புள்ளிச்சி கூப்பிட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றார் ஒபதியா. ஆனால் அவர் கண் வீட்டுப் பாதையிலேயே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் எப்சிபா அம்மாள் வந்தார். கணவரின் முகத்தைப் பாராமல் கையை மட்டும் நீட்டினார்.

"கட்டையைக் காட்டுங்க."

வாங்கி, உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். சிராய் எதுவும் இல்லை. மூன்று பக்கமும் மெத்தென்று ஆட்டுமயிர்த் துணி வைத்துத் தைத்திருந்தது. துணி பார்த்துப் பழகியதாயிருந்தது, குளிர்காலத்தில் கணவரின் தொப்பிக்குள் எப்சிபா அம்மாள் தம் கையாலேயே தைத்துக்கொடுத்தது. நிமிர்ந்து பார்த்தார். கணவரின் மடியிலிருந்த தொப்பியின் உட்புறம் மொட்டையாக இருந்தது.

"பனிக்காலத்துல தலைக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு நாள் கெடக்கு."

எப்சிபா அம்மாள் கட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார். ஏப்ரனில் முடிந்து வந்திருந்த சோளத்தை அதில் கொட்டி, சேற்றில் மண்டியிட்டு, இரு கைகளாலும் புள்ளிச்சியின் மூக்கருகே ஏந்தினார்.